பேச ஓர் ஆள் வேண்டும்!

தறி ஓடும் ஆர்.கே.பேட்டையில் உட்கார்ந்துகொண்டே சீன மாணவருக்கு ஆங்கிலம் பழக்க முடியுமா?

1944 மே மாதம். உலகப்போர் உச்சத்தில் இருக்கிறது. ஜப்பானியப் படையின் நெருக்கடியால் சீன அரசு தன் தலைநகரைச் சுங்கிங் என்ற மலைநகரத்துக்கு மாற்றிக்கொண்டு காலம் தள்ளுகிறது. அந்த நேரத்தில், தலைப்பாகை கட்டிய பேராசிரியர் ஒருவர் இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்கிறார். சீனக் கல்வியாளர்கள் கூடிய அவைகளில் கன்பூசியஸைப் பற்றியும், தாவோ நெறியைப் பற்றியும், புத்த மதம் சீனாவுக்குப் போன வழியைப் பற்றியும் பேசுகிறார். பேசிய மொழி ஆங்கிலம். பேசியவரின் ஊர் திருத்தணி. வீட்டு மொழி தெலுங்கு. பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

அந்த உரைகள் இந்தியாவையும் சீனாவையும் பற்றிய ஆங்கில நூலாக அதே ஆண்டில் அச்சேறின. 1957-ல் குடியரசுத் துணைத் தலைவராக மறுபடியும் சீனா போனபோது, வரவேற்க வந்த மாவோவின் கன்னத்தை அவர் செல்லமாகத் தட்டிவிட்டார் என்ற கதையைத் திருத்தணிப் பக்கம் பலர் கேட்டிருப்பார்கள். அதைவிட நமக்கு முக்கியமானது 1944-ல் நடந்தது. பேசியவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, கேட்டவர்களுக்கும் இல்லை. இரு தரப்பும் ஒரு மூன்றாம் மொழியில் சந்தித்தன. ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரிந்தது.

இன்றைக்கு அதையே ஆர்.கே.பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்து செய்ய முடியும். சுங்கிங் வரை போக வேண்டாம். ஒரு கைபேசி, ஒரு ஹெட்போன், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். உலகம் முழுக்கப் பலர் இப்படித் தன்னார்வத்தில் முன்பின் தெரியாத மாணவர்களோடு பேசி, மொழி பழக உதவுகிறார்கள். அதற்கு நம் ஊர்ப் பட்டதாரிகளுக்குத் தகுதி உண்டா, அதனால் அவர்களுக்கு என்ன லாபம், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அலசுவதுதான் இந்தக் கட்டுரை.

படிக்கத் தெரியும், பேச வராது

சீனாவில் ஆங்கிலம் படிக்காத பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். 2001-ல் இருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலப் பாடம் தொடங்குகிறது. பள்ளிப் படிப்பின் முடிவில் 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024-ல் அதை எழுதப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்த மதிப்பெண் 750. அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150. கல்லூரிக்குப் போனாலும் விடாது. 1987-ல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வு அங்கேயும் காத்திருக்கிறது.

இத்தனை தேர்வு எழுதினாலும் வாயைத் திறந்து பேசச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறிப் போவார்கள். சீனர்களே இதை 'ஊமை ஆங்கிலம்' என்று கிண்டல் செய்வதுண்டு. காரணம் நமக்குப் புதிதல்ல. வகுப்பில் ஐம்பது பேர். தேர்வில் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும்தான் மதிப்பெண். ஆசிரியர் பாடத்தை முடித்தாக வேண்டும். பேசுவதற்கு நேரமும் கிடையாது, எதிரில் ஆளும் கிடையாது.

அந்த ஆளைத் தேடிச் சீனர்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் நாடு கதவைத் திறந்தபோது, ஷாங்காய் மக்கள் பூங்காவில் ஆங்கிலம் பழக விரும்பியவர்கள் கூடி நின்று பேச ஆரம்பித்தார்கள். 'ஆங்கில மூலை' என்ற பெயரில் அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. 1982-ல் பிபிசி தயாரித்த 'ஃபாலோ மீ' என்ற ஆங்கிலப் பாடத் தொடர் சீன அரசுத் தொலைக்காட்சியில் ஓடியபோது ஊரே அதன் முன்னால் உட்கார்ந்தது. 1990-களில் லி யாங் என்பவர் 'கிரேசி இங்கிலீஷ்' என்று ஆரம்பித்தார். மைதானம் நிறைய ஆட்களைக் கூட்டி, தொண்டை கிழிய ஆங்கில வாக்கியங்களைக் கத்த வைப்பார். கூச்சம் போனால் மொழி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. கூச்சம் போயிருக்கலாம். ஆனால் கத்துகிறவனுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

காசு கொடுத்தவர்களுக்குக் கிடைத்த ஆள்

இணையம் வந்ததும் அந்த ஆளை விலைக்கு வாங்க முடிந்தது. 2011-ல் தொடங்கிய 51டாக் நிறுவனம் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆசிரியர்களைச் சீனப் பிள்ளைகளோடு இணைத்தது. 2013-ல் தொடங்கிய விஐபி-கிட், அமெரிக்கா, கனடா நாட்டு ஆசிரியர்களைக் கொண்டுவந்தது. அமெரிக்க வீட்டு அம்மாக்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கையில் பொம்மையோடு கேமரா முன்னால் உட்கார்ந்து பெய்ஜிங் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்த காலம் அது. இந்தியாவுக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. 2005-ல் பெங்களூரில் கே.கணேஷ் தொடங்கிய டியூட்டர்விஸ்டா மூலம் நம்மவர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு இணையத்தில் டியூஷன் எடுத்தார்கள்.

2021 ஜூலையில் சீன அரசு ஒரே போடாகப் போட்டது. வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைக்கிறோம் என்று சொல்லி, பள்ளிப் பாடங்களில் லாப நோக்குள்ள டியூஷனுக்குத் தடை விதித்தது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வேலைக்கு வைத்து வகுப்பு நடத்தவும் கூடாது என்றது. அடுத்த மாதமே விஐபி-கிட் சீனப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர் வகுப்பு விற்பதை நிறுத்தியது. 51டாக் சீனச் சந்தையை விட்டு வெளியேறி மற்ற நாடுகளுக்குப் போனது.

இதில் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி கிடைத்துவிடும். யுன்னான் மலைக் கிராமத்திலோ கான்சு மாகாணத்திலோ படிக்கிற பிள்ளைக்கு அன்றைக்கும் ஆள் இல்லை, இன்றைக்கும் இல்லை. தன்னார்வத்துக்கு இடம் இருப்பது அங்கேதான். ஷாங்காயில் 2006-ல் இருந்து இயங்கிவரும் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களை வைத்து ஆங்கிலம் சொல்லித் தருகிறது. கிராமப் பள்ளிகளுக்குக் காணொலி வழியாகவும் வகுப்பு நடத்துகிறது. காசு கைமாறாத இந்த வேலைதான் நம் பேச்சு.

இந்த ஊருக்கு என்ன தகுதி?

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற முழுப்பெயரைப் பத்திரத்தில் பார்த்தால்தான் உண்டு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்க நெசவு. தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் முதலில் வரவேற்கும். நேரம் காலம் பார்க்காமல் ஓடுகிற சத்தம்.

இந்த வட்டாரத்துக்கு மொழிப் பிரச்சினை தெரியும். திருத்தணி தமிழகத்துக்கா ஆந்திராவுக்கா என்று ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடிய மண் இது. 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு ஒரு பக்கம் போனதே தவிர, வீடுகளுக்குள் இரண்டு மொழியும் தங்கிவிட்டன. பாட்டியோடு தெலுங்கு, பள்ளியில் தமிழ். சந்தையில் எது கைகொடுக்கிறதோ அது. இங்கே வளர்கிற பிள்ளைக்குத் தெலுங்கை யாரும் இலக்கணம் வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கடைக்காரர் கேட்கிறார், பிள்ளை தப்பாகச் சொல்கிறது, கடைக்காரர் சிரிக்கிறார், பிள்ளை திருத்திக்கொள்கிறது. அவ்வளவுதான் பாடம்.

புத்தகத்தில் மொழியைப் படிக்கலாம், பேச்சு வர வேண்டுமானால் பேச்சுத்துணை வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. சீன மாணவருக்கு இல்லாதது அந்தத் துணைதான். ஆனால் "நீங்கள் உதவலாமே" என்று இங்குள்ள பட்டதாரியிடம் சொன்னால், உடனே வரக்கூடிய பதில், "நம்ம இங்கிலீஷே தகராறு சார், நாம போயி யாருக்குச் சொல்லித் தர்றது?"

காளிக்குப்பம் சொன்ன பதில்

இதற்கு ஒரு பதில் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே வந்திருக்கிறது. 1999-ல் டெல்லி கால்காஜியில் சேரிப் பிள்ளைகள் பயன்படுத்தும்படி சுவரில் ஒரு கணினியைப் பதித்துவைத்த சுகதா மித்ராவைப் பலருக்கு நினைவிருக்கும். பின்னாளில் அவர் புதுச்சேரி மாநிலத்தின் காளிக்குப்பம் கிராமத்தில் ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே பேசுகிற பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள். அவர்கள் கையில் உயிர்த்தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து வந்து சோதித்தபோது பிள்ளைகள் முப்பது மதிப்பெண் அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அது போதாது என்று நினைத்த மித்ரா, ஊரில் இருந்த கணக்கு வேலை பார்க்கும் 22 வயதுப் பெண் ஒருவரைத் துணைக்குச் சேர்த்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, "அடேயப்பா, இது எப்படிக் கண்ணு செஞ்ச? அடுத்து என்ன?" என்று பாட்டிகள் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். அதுதான் வேலை. இன்னும் சில மாதங்களில் மதிப்பெண் ஐம்பதைத் தொட்டது. டெல்லியில் தேர்ந்த ஆசிரியரிடம் படித்த தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமம்.

மித்ராவின் முடிவுகளை அப்படியே ஏற்காத கல்வியாளர்களும் உண்டு. ஆசிரியரே தேவையில்லை என்று அதை நீட்டினால் ஆபத்துதான். ஆனால் கூடவே இருந்து கேட்கிற ஓர் ஆள் இருந்தால் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காளிக்குப்பம் காட்டியது. அதை வைத்துத்தான் 2009-ல் மித்ரா பிரிட்டன் பாட்டிகளைத் தேடினார். ஓய்வுபெற்ற பலர் முன்வந்தார்கள். ஸ்கைப் வழியாக ஹைதராபாத் பிள்ளைகளுக்குக் கதை படித்தார்கள், அரட்டை அடித்தார்கள். இப்படித்தான் 'பாட்டிகள் மேகம்' என்ற தன்னார்வ வலை உருவானது. அதில் நம் பிள்ளைகள் வாங்குகிற இடத்தில் இருந்தார்கள். கொடுக்கிற இடத்துக்கும் போகலாம் என்பதுதான் இப்போது சொல்ல வருவது.

ஒரு மணி நேரம் எப்படிப் போகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஆர்.கே.பேட்டையில் காலை ஏழரை மணி. சீனாவில் பத்து. அங்கே நாடு முழுக்க ஒரே கடிகாரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். திரையில் கல்லூரி முதலாண்டு மாணவி. ஹெட்போன் மைக்கைத் தாண்டித் தறிச் சத்தம் அவருக்குக் கேட்கிறது. "அது என்ன சத்தம்?" என்று கேட்கிறார். அன்றைய பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. தறி என்றால் என்ன, பாவு எது, ஊடை எது, ஒரு லுங்கி எப்படி உருவாகிறது என்று நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்கிறீர்கள். பட்டு பிறந்த நாட்டுப் பெண் அவர். அவர் ஊர் பட்டுப்புழுவைப் பற்றிச் சொல்கிறார்.

சொல்லும்போது தன் அப்பாவைப் பற்றி 'ஷி' என்கிறார். நீங்கள் குழம்புகிறீர்கள். அம்மாவா, அப்பாவா? அவர் நாக்கில் தவறு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலிதான், எழுத்தில்தான் வேறுபாடு. வினைச்சொல்லும் காலத்துக்கு ஏற்ப மாறாது. 'நேற்று' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், நேற்று நடந்ததாகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் நேற்றுப் போனதையும் நாளைக்குப் போகப்போவதையும் 'கோ' என்றே சொல்லிவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று நமக்கே சிரிப்பு வரவழைக்கும். சீன மொழியில் சொற்கள் உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' போன்ற ஒன்றிரண்டு ஒலிகளில் முடியும். 'ட்', 'க்', 'ப்' என்று முடிகிற ஆங்கிலச் சொல்லை அவர்களால் அந்தரத்தில் விட முடியாது. பின்னால் ஒரு சின்ன ஒலியை ஒட்டவைப்பார்கள். நாம் மட்டும் என்ன? பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிறோம், கேட்டை 'கேட்டு' என்கிறோம், லைட்டை 'லைட்டு' என்கிறோம். அந்தப் பெண்ணின் வாயில் அந்த ஒட்டு ஒலி எங்கிருந்து வருகிறது என்று லண்டன்காரருக்கு யோசித்தால்தான் புரியும். நமக்குக் கேட்டதுமே புரியும்.

அதே நேரத்தில் நம் குறைகளும் அங்கே வெளிப்படும். 'ஸீப்ரா'வை ஜீப்ரா என்பதும், மூச்சு விடாமல் ஒரே தம்மில் வாக்கியத்தை முடிப்பதும் தமிழ்நாட்டுக்குள் செல்லும். அந்தச் சீன மாணவி புருவத்தைச் சுருக்கினால், நீங்கள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்தில் இருவரும் மாறி மாறித் திருத்திக்கொள்கிறீர்கள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.

இந்த இடத்தில் ஓர் ஒழுங்கு வேண்டும். பேச்சின் நடுவே ஒவ்வொரு தவறுக்கும் குறுக்கிட்டால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். தவறுகளைத் தாளில் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்றை மட்டும் சொல்லுங்கள். உங்கள் பேச்சு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேள்வி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். மௌனம் வந்தால் பதறி நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள். அந்த மாணவர் தனக்குள் சொல் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது.

ஏ.ஐ. செயலிகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தப் புருவத்தில் இருக்கிறது. இயந்திரம் அலுக்காமல் பேசும், நடு ராத்திரியிலும் பேசும். பயிற்சிக்கு அது நல்லதே. ஆனால் தப்பும் தவறுமாகச் சொன்னாலும் அது பெரும்பாலும் ஊகித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடும். மனிதர் அப்படி இல்லை. புரியவில்லை என்றால் முகத்தில் தெரியும். புரியவைத்தே தீர வேண்டும் என்ற அந்த நெருக்கடியில்தான் நாக்கு திரும்புகிறது. வேலைக்கான நேர்காணலிலும், வெளிநாட்டு விமான நிலையத்திலும் எதிரில் இருக்கப்போவது மனித முகம்தான்.

நடுவில் நிற்கும் சுவர்கள்

ஆசை இருந்தால் போதாது, வழி அடைபட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் மாதம் இந்திய-சீன எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு, அதே மாதம் 29-ம் தேதி இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. சீனர்கள் மூச்சுக்கு மூச்சு பயன்படுத்தும் வி-சாட் அதில் ஒன்று. செப்டம்பரில் மேலும் 118 செயலிகள் தடைபட்டபோது, டென்சென்ட் நிறுவனத்தின் காணொலிச் சந்திப்புச் செயலியும் பட்டியலில் இருந்தது. அந்தப் பக்கம் சீனாவில் வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் எதுவும் எடுபடாது. ஒரு காலத்தில் இந்த மாதிரி வகுப்புகளுக்கெல்லாம் கைகொடுத்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது.

மிச்சம் இருப்பது மின்னஞ்சலும், இரு நாட்டிலும் பெரும்பாலும் வேலை செய்கிற மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற ஒன்றிரண்டும்தான். விபிஎன் போட்டு வி-சாட்டைத் திறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தடை செய்த செயலியைச் சுற்றுவழியில் திறந்து செய்கிற தொண்டு நமக்கும் வேண்டாம், அந்த மாணவருக்கும் வேண்டாம்.

நேரம் இன்னொரு சிக்கல். சீன உயர்நிலைப் பள்ளிகளில் மாலை வகுப்பு முடிந்த பிறகும் இரவு ஒன்பது, பத்து மணி வரை வகுப்பறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வார நாளில் அவர்களைப் பிடிக்க முடியாது. கல்லூரி மாணவர் என்றால் நமக்கு மாலை ஆறு மணி, அவர்களுக்கு எட்டரை, தோதாக இருக்கும். அக்டோபர் முதல் வாரமும், ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும் வசந்தத் திருவிழாவும் அவர்களுக்கு நீண்ட விடுமுறை. நமக்குப் பொங்கல் மாதிரி, அப்போது ஊருக்குப் போய்விடுவார்கள்.

இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 'சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் பேச ஆள் தேவை, மாதம் இவ்வளவு சம்பளம், முன்பணம் கட்டுங்கள்' என்று டெலிகிராமில் ஏதாவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இந்திய இளைஞர்களை நல்ல வேலை என்று ஆசை காட்டி மியான்மர், கம்போடியா பக்கம் கூட்டிப் போய், இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்து வேலை வாங்கிய கதைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். தன்னார்வத்தில் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. ஆதார், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி எதையும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எதிரில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் தனி அரட்டை கூடவே கூடாது. ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருக்க வேண்டும். குழுவாகப் பேசினால் இன்னும் நல்லது. படம் எடுக்காதீர்கள், பதிவு செய்யாதீர்கள். எல்லைப் பிரச்சினை, திபெத், தைவான் என்று இழுத்து அந்த மாணவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். உங்களுக்கு அது சூடான விவாதமாக இருக்கலாம். அவருக்கு அது வேறு மாதிரி முடியலாம்.

"நம்ம பசங்களுக்கு யாரு?"

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி நிற்கும். "நம்ம ஊரு கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கே இங்கிலீஷு வரல. இதுல சீனாக்காரனுக்கு எதுக்குங்க?" நியாயமான கேள்வி. தமிழ்நாடு தன்னார்வத்துக்குப் பெயர்போன இடம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் கடமை அங்கேதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். தமிழ் வழியில் படித்து, பொறியியலோ கலை அறிவியலோ முடித்து, சென்னையில் நேர்காணலுக்குப் போய் ஆங்கிலத்தில் தடுமாறித் திரும்புகிற பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பேசிப் பழக்கம் இல்லை. ஊருக்குள் நண்பனிடம் ஆங்கிலம் பேசினால் "என்னடா, பெரிய துரையா?" என்று கேலி வரும். பயிற்சி மையத்துக்குப் போகப் பணம் வேண்டும். சீன மாணவரோ கேலி செய்யவும் மாட்டார், காசு கேட்கவும் மாட்டார். அவருக்கும் தமிழ் தெரியாது, நமக்கும் சீனம் தெரியாது. ஆங்கிலத்தை விட்டால் இருவருக்கும் வேறு கதி இல்லை. இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்? அங்கே கூச்சம் விட்டுப் பேசப் பழகிய பிள்ளை, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு எதிரில் உட்கார்ந்தால் இன்னும் நன்றாகச் செய்யும்.

பழைய பாக்கி ஒன்று

சீனர்களோடு இப்படிப் பேசிப் பழக்குவது தமிழர்களுக்கு முதல் தடவையும் அல்ல. 1962 போர் முடிந்து ஓராண்டு ஆகவில்லை; 1963 ஆகஸ்ட் 1-ம் தேதி பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் அது சீன வானொலி நிலையம் ஆனது. அறிவிப்பாளர்கள் சீனர்கள். கலையரசி, நிறைமதி, ஈஸ்வரி என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு தமிழில் பேசினார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இலங்கையிலும் சிற்றலை ரேடியோவைத் திருகிக் கேட்ட நேயர்கள், மன்றம் வைத்து, மாநாடு நடத்தி, மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். பெய்ஜிங்கில் தமிழ் கற்ற ஓர் அறிவிப்பாளருக்கு, தான் பேசும் தமிழை யாரோ கேட்கிறார்கள் என்பதற்கு அந்தக் கடிதங்கள்தான் சாட்சி. யாரும் சம்பளம் கொடுக்காமல், தன்னார்வம் என்ற பெயர்கூட வைத்துக்கொள்ளாமல் அந்த நேயர்கள் செய்தது இதே வேலைதான்.

இன்றைக்குப் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும், குன்மிங் நகரில் உள்ள யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் சீன மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும். ஆங்கிலம் பேசவும் ஆள் வேண்டும். நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் ஆங்கிலத் துறைகளும் அந்தத் துறைகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் ஆங்கிலம் என்று மாணவர்களை ஜோடி சேர்த்தால், தனி ஆள் இணையத்தில் முகம் தெரியாதவரைத் தேடும் ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை. சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் பழைய வகுப்புத் தோழர்கள் வழியாகவும் கதவைத் தட்டலாம். 2025 அக்டோபரில் இரு நாட்டுக்கும் இடையே நேரடி விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிவிட்டது. விமானம் போகிற இடத்துக்கு ஒரு வாய் வார்த்தை போகக் கூடாதா?

திருத்தணி வட்டாரத்துக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். இந்த ஆண்டு அதோடு நிற்காமல், பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பாசிரியர் ஒருவரை நியமியுங்கள். குன்மிங்குக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாணவர்களுக்கும் ஒன்று: உங்கள் ஆங்கிலம் சரியாகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்காதீர்கள். பேசினால்தான் சரியாகும்.